புள்ளி தொலைந்தால் எழுத்தே மாறிவிடும்: மொபைல் கேமில் படங்களின் அளவு

கள்ளக்குறிச்சியில் கல்லூரிக்குப் போகும் ஒரு மாணவர், சின்னப் பிள்ளைகளுக்கு அரபி எழுத்துகளைக் கற்றுத்தரும் கேம் ஒன்றைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய லேப்டாப்பில் எல்லாம் பளிச்சென்று தெரியும். கல்வராயன் மலையில் யாரோ ஒருவரின் பழைய போனில் அதையே திறந்தால், 'தா'வின் மேலிருக்கும் இரண்டு புள்ளிகள் ஒட்டிப்போய் ஒன்றாகத் தெரியலாம். 'ஸா'வின் மூன்று புள்ளிகள் வெறும் கறையாகலாம். முதன்முதலாக எழுத்தைப் பார்க்கும் குழந்தை அதைத் தவறாகவே கற்றுக்கொள்ளும். தமிழிலும் இதே கதைதான்: புள்ளி மறைந்தால் 'க்' என்பது 'க' ஆகிவிடும்.

எழுத்தை ஏன் படமாக வைக்க வேண்டும், ஃபான்ட் போதாதா என்று கேட்கலாம். ஃபான்ட்தான் சிறந்தது. ஆனால் அரபியில் எழுத்துகள் சேரும்போது வடிவம் மாறும். தமிழில் 'கொ' என்பதில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டும். கேம் செய்யும் மென்பொருள்கள் பலவும் நெடுநாளாக இதைச் சரியாகக் கையாளவில்லை. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 இதைச் செய்கிறது. மற்றவற்றில் சிக்கிக்கொண்டவர்கள் எழுத்தைப் படமாக்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லாத் திரைகளும் ஒன்றல்ல. ஆண்ட்ராய்டு ஓர் அங்குலத்துக்கு 160 பிக்ஸல் என்பதை அடிப்படையாக வைக்கிறது. 480 பிக்ஸல் உள்ள போனில் அதே ஒரு சென்டிமீட்டர் எழுத்துக்கு மூன்று மடங்கு அகலமான படம் வேண்டும். சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும்.

'அப்படியானால் எல்லாவற்றையும் பெரிதாகவே வரைந்துவிடலாமே' என்பதுதான் பெரும்பாலோர் எடுக்கும் முடிவு. மலைக் கிராமத்துப் போனைச் சிரமப்படுத்துவதும் இந்த முடிவுதான். 28 எழுத்துகளையும் 1024 பிக்ஸல் சதுரமாக வரைந்து, 720 பிக்ஸல் அகலத் திரையில் வரிசைக்கு ஏழாக அடுக்கினால், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட பத்து மடங்கு சுருங்கும். புள்ளிகளுக்கு நடுவே விட்ட 8 பிக்ஸல் இடைவெளி ஒரு பிக்ஸலைவிடக் குறைந்துபோகும். புள்ளிகள் ஒட்டாமல் என்ன செய்யும்?

நினைவகத்தின் கணக்கு வேறு. ஃபைல் அளவு சில நூறு கேபிதானே என்று ஏமாறக் கூடாது. சாதாரணமாக, திரைக்கு வரும்போது பிக்ஸலுக்கு 4 பைட் வீதம் விரியும். 1024 சதுரப் படம் ஒன்று 4 எம்பி. 28 எழுத்துக்கு 112 எம்பி. 256 சதுரமாக வைத்தால் மொத்தமே 7 எம்பி. குறைந்த ரேம் உள்ள போனில் கேம் திடீரென்று மூடிக்கொள்வதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே எழுத்தை ஒருமுறை வெக்டராக வரைந்து, அதிலிருந்து இரண்டு மூன்று அளவுகளில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. சிறிய அளவுக்குப் புள்ளிகளை இன்னும் தள்ளி வைத்து வரையலாம். மிப்மேப் வசதியை இயக்கினால், சுருங்கும்போது வரும் சிதறலும் குறையும்.

பின்னணிப் படத்துக்கு வேறு வழி. மேகம் அருவியின் படத்தை 1080-க்கு 1920 என்ற அளவில் வைத்து, 2400 உயரத் திரைக்கு இழுத்தால் 25 சதவீதம் நீண்டுவிடும். அருவிக்குப் பரவாயில்லை, கீழே நிற்கும் ஆள் ஒட்டடைக்குச்சி ஆகிவிடுவார். இழுக்காமல் சீராகப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிட வேண்டும். பட்டன்களை ஓரத்தில் வைக்கக் கூடாது. கேமராத் துளை அங்கே இருக்கலாம். யூனிட்டியில் செய்பவர்கள் கேன்வாஸ் ஸ்கேலரைத் திரையின் அளவுக்கேற்ப மாறும்படி அமைக்க வேண்டும். தானாக வரும் அமைப்பு அப்படிச் செய்யாது.

சிக்னல் தேடி அலையும் ஊர்களுக்கு டவுன்லோடு அளவும் முக்கியம். 2021 ஆகஸ்டு முதல் பிளே ஸ்டோரில் புதிய செயலிகளை ஆப் பண்டிலாகத்தான் தர வேண்டும். அதில் படங்களை அடர்த்தி வாரியாகப் பிரித்து வைத்திருந்தால், ஒவ்வொரு போனுக்கும் பொருந்தும் படம் மட்டுமே இறங்கும்.

வெளியிடும் முன் வீட்டிலிருக்கும் மிகப் பழைய போனில் கேமைத் திறந்து, எழுத்து தெரிந்த ஒருவரிடம் கொடுத்து 'பா, தா, ஸா' என்று வரிசையாக வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். அத்தாவோ பாட்டியோ கண்ணைச் சுருக்கினால், அந்தப் படத்தைத் திரும்ப வரைய வேண்டும்.