திரைக்குப் பின்னால் ஓர் இளவரசன்

ஓடுவது, தாவுவது, விளிம்பைப் பற்றித் தொங்குவது, தவறினால் விழுவது. கணினி விளையாட்டுகளின் பழைய வகைகளுள் ஒன்று இச்செயல்களாலேயே அமைந்தது. மேடைக்கு மேடை தாவிச் செல்வதால் இதனைப் ‘பிளாட்ஃபார்ம்’ விளையாட்டு என்பர். நாம் இங்கே ‘தாவல் விளையாட்டு’ என்று வழங்குவோம். 1981ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ‘டாங்கி காங்’ விளையாட்டில், உருண்டுவரும் பீப்பாய்களைத் தாண்டிச் சென்ற தச்சர்தான் பின்னாளில் மாரியோ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றார்.

மாரியோவை அறியாத மாணவர் அரிது. அவரைப் பற்றிய செய்திகள் எங்கும் கிடைக்கும். இக்கட்டுரை பேசுவது மற்றொரு தாவல் விளையாட்டுத் தொடரைப் பற்றி. அதன் பெயர் ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’. அதாவது, பாரசீக இளவரசன். ஓர் இளைஞர் ஏறத்தாழத் தனியாளாகத் தொடங்கிய இத்தொடரின் கதை, பின்னர் இந்தியாவின் புனே, மும்பை நகரங்களைத் தொட்டது. ஜொகூர் கடற்பாலத்திற்கு அப்பால், சிங்கப்பூரிலும் அதன் கிளையொன்று வேர்விட்டது.

அமெரிக்கரான ஜோர்டன் மெக்னர், யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே ‘கராத்தேகா’ என்னும் விளையாட்டை உருவாக்கி 1984இல் வெளியிட்டவர். அது நன்றாக விற்பனையானது. அடுத்த ஆண்டு பட்டம் பெற்றதும் அவர் மனத்தில் ஒரு குறை இருந்தது. அன்றைய விளையாட்டுகளில் மனித உருவங்கள் பொம்மைகளைப் போல விறைப்பாக நகர்ந்தன. தம் நாயகன் உண்மையான மனிதனைப் போல ஓட வேண்டும். தாவும்போது உடல் எடை தெரிய வேண்டும். விளிம்பைப் பிடிக்கும்போது பார்ப்பவரின் கை கூச வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆனால், அவர் கைதேர்ந்த ஓவியர் அல்லர்.

எனவே, அவர் ஒரு வழி கண்டார். 1985ஆம் ஆண்டு, உயர்நிலைப்பள்ளியில் பயின்றுகொண்டிருந்த தம் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடை அணிவித்து, ஒரு வாகன நிறுத்துமிடத்தில் ஓடவும் குதிக்கவும் சுவரில் ஏறவும் செய்து ஒளிப்பதிவு செய்தார். அதன் பிறகுதான் உண்மையான வேலை. அன்றைய வீட்டுக் கணினியில் காணொளியை அப்படியே ஏற்ற வழியில்லை. அவர் ஒளிநாடாவைத் தொலைக்காட்சியில் ஓட்டி, காட்சிக்குக் காட்சி நிறுத்தி, இருட்டறையில் திரையைப் புகைப்படக் கருவியால் படமெடுத்தார். படச்சுருளைக் கடையில் கொடுத்துக் கழுவி வாங்கினார். ஒவ்வொரு படத்திலும் தம்பியின் உருவத்தைக் கறுப்பு மையாலும் வெள்ளைத் திருத்த மையாலும் அழுத்தமாகத் தீட்டினார். அவற்றை வரிசையாக ஒட்டி நகலெடுத்து, அந்தத் தாளை மீண்டும் ஒளிப்பதிவுக் கருவியின் முன் வைத்துக் கணினிக்குள் செலுத்தினார். இறுதியாக, ஒவ்வோர் உருவத்தையும் புள்ளி புள்ளியாகத் திருத்தினார். திரையில் ஒரு நொடிகூட நீடிக்காத ஒரு தாவலுக்குப் பின்னால் இத்தனை படிகள் இருந்தன.

உயிருள்ள நடிகரைப் படமெடுத்து, அதன் மேல் வரைந்து அசைவூட்டும் இம்முறை புதியதன்று. திரைப்படத் துறையில் அது பல பத்தாண்டுகளாக வழக்கில் இருந்தது. அதை ஒரு வீட்டுக் கணினி விளையாட்டுக்கு இவ்வளவு பொறுமையோடு பயன்படுத்தியதே மெக்னரின் தனித்தன்மை. வாள் சண்டைக்கு மட்டும் அவர் தம்பியை நம்பவில்லை. 1938ஆம் ஆண்டு வெளிவந்த ராபின் ஹூட் திரைப்படத்தில் எரோல் ஃபிளினும் பேசில் ராத்போனும் மோதும் காட்சியில், இருவரும் பக்கவாட்டில் முழு உருவமாகத் தெரியும் சில நொடிகள் கிடைத்தன. இளவரசன் வாள் வீசும் அசைவுகள் அந்தச் சில நொடிகளிலிருந்து பிறந்தவை. விளையாட்டின் இசையை அமைத்தவர் அவருடைய தந்தை பிரான்சிஸ் மெக்னர். தம்பி ஓடினார், தந்தை இசையமைத்தார். குடும்பத் தொழில் என்றே சொல்லலாம்.

ஆனால், தொடக்கத்தில் இவ்விளையாட்டில் எதிரிகளே இல்லை. முட்கள், இடிந்து விழும் தரை, மூடும் கத்திகள் ஆகிய பொறிகளுக்கு இடையே இளவரசன் ஓடினான், அவ்வளவுதான். உடன் பணியாற்றிய தோமி பியர்ஸ் என்னும் பெண்மணி, “சண்டை வேண்டும்” என்று விடாமல் வற்புறுத்தினார். மெக்னரிடம் இருந்த பதில் ஒன்றே: நினைவகத்தில் இடமில்லை.

இந்தப் பதிலைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவ்விளையாட்டு ஓடிய ஆப்பிள் 2 வகைக் கணினியின் நினைவகம் 128 கிலோபைட். இன்று திறன்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரண நிழற்படம் 2 அல்லது 3 மெகாபைட் அளவில் இருக்கும். அதாவது, ஒரே ஒரு படத்தைச் சேமிக்கும் இடத்தில் அந்தக் கணினியின் நினைவகத்தைப் போல ஏறக்குறைய இருபது நினைவகங்களை அடுக்கலாம். இளவரசனின் அசைவுகளே அந்தச் சிறிய இடத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. புதிய எதிரிக்குப் புதிய படங்களை வைக்க வழியே இல்லை.

புதிய படம் இல்லாமல் புதிய பாத்திரம் எப்படி வரும்? இளவரசனின் படத்தையே எதிரியாக்கினார் மெக்னர். கணினியில் ‘எக்ஸ்-ஓர்’ என்றொரு எளிய செயல் உண்டு. இரண்டு புள்ளிகளை ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாக இருந்தால் அணைத்துவிடும். வேறுபட்டால் ஒளிரச் செய்யும். இளவரசனின் உருவத்தை ஒரு புள்ளி அளவு நகர்த்தி, அதே உருவத்தின் மீது வைத்து இச்செயலை நிகழ்த்தினால் என்னவாகும்? உடலின் உட்பகுதியில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய் மறைந்துவிடும். விளிம்பில் மட்டுமே வேறுபாடு இருக்கும். அதனால், ஒளிக்கோடுகளால் ஆன ஓர் ஆவியுருவம் திரையில் தோன்றும். அதற்குத் தேவைப்பட்ட கூடுதல் படங்கள் ஒன்றுமில்லை.

இப்படிப் பிறந்தவன் ‘நிழல் மனிதன்’. கதையில் இளவரசன் ஒரு கண்ணாடியைப் பாய்ந்து கடக்கும்போது, கண்ணாடியிலிருந்து அவனுடைய நிழல் எதிர்ப்பக்கம் குதித்து ஓடிவிடுகிறது. பிறகு அது இளவரசன் பருகவேண்டிய மருந்தைத் திருடிக் குடிக்கும். அவன் வரும் வேளையில் கதவை அடைக்கும். இறுதியில் இருவரும் வாளோடு எதிரெதிரே நிற்பர். நிழலை வெட்டினால் இளவரசனுக்கே காயம்படும். வாளை உறையிலிட்டு, நிழலை நோக்கி நடந்து, அதனோடு ஒன்றாகிவிடுவதே வெல்லும் வழி. அன்றைய விளையாட்டுகளில் இதுபோன்ற ஒரு முடிச்சு அரிது. நினைவகம் தாராளமாகக் கிடைத்திருந்தால் அவர் வழக்கமான அரக்கன் ஒருவனை வரைந்துவிட்டுப் போயிருப்பார் என்றே தோன்றுகிறது. பின்னர் நிரலைச் சுருக்கி இடம் மிச்சப்படுத்தி, வாளேந்திய காவலர்களையும் சேர்த்தார்.

நான்கு ஆண்டு உழைப்புக்குப் பின், 1989இல் புரோடர்பண்ட் நிறுவனம் விளையாட்டை வெளியிட்டது. அறுபது நிமிடத்திற்குள் இளவரசியை மீட்க வேண்டும் என்பது விதி. விமர்சகர்கள் பாராட்டினர், மக்கள் வாங்கவில்லை. காரணம் எளிது. மெக்னர் பணியைத் தொடங்கியபோது ஆப்பிள் 2 கணினிக்கு நல்ல சந்தை இருந்தது. அவர் முடிப்பதற்குள் அக்கணினியின் காலம் முடியத் தொடங்கியிருந்தது. 1990 ஜூலை வரை வட அமெரிக்காவில் ஆப்பிள் 2, ஐபிஎம் ஆகிய இருவகைக் கணினிகளுக்கும் ஏறத்தாழ 7,000 பிரதிகள் வீதமே விற்றன. ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் வெளியான பின்னரே நிலைமை மாறியது. பல்வேறு கருவிகளுக்கு அதனை மாற்றியமைத்தனர். 1992இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த வடிவத்தில் மொத்தம் 20 நிலைகள் இருந்தன. நேரமும் 120 நிமிடமாக நீண்டது.

மெக்னர் இளமையிலேயே நாட்குறிப்பு எழுதிவந்தார். திரைக்கதை எழுதப் போய்விடலாமா என்று அவர் தடுமாறியதும், மாதக்கணக்கில் வேலை தேங்கியதும், தோமி பியர்ஸுடன் நடந்த வாதமும் நமக்குத் தெரிவது அந்தக் குறிப்புகள் நூலாக வெளிவந்ததால்தான்.

நாட்குறிப்பு பத்திரமாக இருந்தது. விளையாட்டின் மூல நிரலோ காணாமல் போனது! 2002ஆம் ஆண்டளவில் அதைத் தேடியபோது எங்கும் கிடைக்கவில்லை. விற்பனையான வட்டுகளில் இருப்பது கணினி மட்டுமே படிக்கக்கூடிய வடிவம். அதனை எழுதியவர் எப்படிச் சிந்தித்தார் என்பதைக் காட்டுவது மூல நிரல்தான். 2012 மார்ச்சு மாதத்தில் தந்தை பிரான்சிஸ் தம் வீட்டைத் துப்புரவு செய்தபோது, அலமாரியின் ஆழத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. அதற்குள் பழைய நெகிழ்வட்டுகள் இருந்தன. காந்தப் பூச்சு காலப்போக்கில் அழியக்கூடியது. தவறாகப் படிக்க முயன்றால் எஞ்சியதும் போய்விடலாம். எனவே, பழைய கணினிகளில் தேர்ந்த வல்லுநர்கள் இருவர் துணைக்கு அழைக்கப்பட்டனர். ஏப்ரல் மாதத்தில் நிரல் முழுவதும் மீட்கப்பட்டு, எவரும் படிக்கும் வகையில் இணையத்தில் வைக்கப்பட்டது. அதனைக் கொண்டு ஆர்வலர்கள் வேறு சில பழைய கணினிகளுக்கும் அவ்விளையாட்டைப் புதிதாக வடித்தனர்.

தொடரின் இரண்டாம் பாகம் 1993இல் வந்தது. 1999இல் வெளிவந்த முப்பரிமாண வடிவம் பிழைகள் மலிந்து தோல்வியுற்றது. அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பின்னர் யுபிசாஃப்ட் என்னும் பிரெஞ்சு நிறுவனம் உரிமம் பெற்றது. அதன் மொன்றியல் கூடம் 2003இல் ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்னும் பாகத்தை வெளியிட்டது. இதில் இளவரசனிடம் ஒரு குறுவாள் இருந்தது. தவறி விழுந்தால் அதைக் கொண்டு காலத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டலாம். தவறினால் சாவு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கு என்ற பழைய தண்டனையை இது மாற்றியது.

அடுத்த பாகத்திற்குத் திட்டமிட்டபோது இன்னொரு திருப்பம் நேர்ந்தது. இளவரசனைக் காக்கும் ஒரு மெய்க்காவலனை நாயகனாக்கும் எண்ணம் வளர்ந்தது. இளவரசன் பெயரைத் தாங்கிய விளையாட்டில் இளவரசன் நாயகனாக இல்லையென்றால் எப்படி என்று நிறுவனம் தயங்கியது. முடிவில் அது தனித் தொடராகப் பிரிந்து, 2007இல் ‘அசாசின்ஸ் கிரீட்’ ஆக வெளிவந்தது. இன்று தாய்த்தொடரைவிடப் பெயர்பெற்றது அந்தக் கிளையே.

நம் பக்கத்து ஊருக்கு வருவோம். யுபிசாஃப்ட் 2008இல் சிங்கப்பூரில் ஒரு கூடத்தைத் திறந்தது. 2012இல் வந்த மூன்றாம் அசாசின்ஸ் கிரீடில் வரும் கப்பற்போர்க் காட்சிகளை உருவாக்கியது அந்தக் கூடம். அலையின் அசைவும் பீரங்கிக் குண்டின் பாய்ச்சலும் பாராட்டப்பட்டதால், முழுக்கக் கடற்போரையே மையமாகக் கொண்ட ‘ஸ்கல் அண்ட் போன்ஸ்’ விளையாட்டு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2018இல் வெளியாகும் என்று அறிவிக்கப்பட்ட அது, பலமுறை தள்ளிப்போய் 2024இல்தான் கரை சேர்ந்தது.

புனே, மும்பை கூடங்களுக்குக் கரை கிட்டவில்லை. ‘சேண்ட்ஸ் ஆஃப் டைம்’ பாகத்தைப் புதிய தொழில்நுட்பத்தில் மீண்டும் உருவாக்கும் பொறுப்பு அவர்களிடம் தரப்பட்டது. அதுவரை பெரும்பாலும் பிற நகரங்களின் ஆட்டங்களுக்குத் துணைப்பணி செய்தவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. 2020 செப்டம்பரில் முன்னோட்டக் காணொளி வெளிவந்தது. நான்கே மாதத்தில், 2021 ஜனவரியில் விளையாட்டு வரும் என்றும் அறிவித்தார்கள். பார்த்தவர்கள் முகங்களின் தோற்றம் பழையதாக இருக்கிறது என்று கடுமையாகக் குறை கூறினர். வெளியீடு மார்ச்சுக்குத் தள்ளியது. பின் தேதியே இல்லாமல் போனது. 2022 மே மாதத்தில் பணி மொன்றியல் கூடத்திற்கு மாற்றப்பட்டது.

காணொளியைக் கண்டு எள்ளியவர்களுள் சிலர், செய்தவர்களின் நாட்டையும் சேர்த்து எள்ளினர். அது நியாயமன்று. மெக்னர் தனியாக ஒரு நிழலைக் கண்டுபிடிக்க நான்கு ஆண்டுகள் கிடைத்தன. பெரிய நிறுவனத்தில் வெளியீட்டு நாளைக் குறிப்பவர் ஒருவர், முகத்தை வரைபவர் வேறொருவர். அறைக்குள் அமர்ந்து வரைந்தவர் மட்டுமே விமர்சனத்தைச் சுமப்பது இத்துறையில் அடிக்கடி நடக்கிறது.

தொடரின் அண்மைய பெரிய வெளியீடான ‘தி லாஸ்ட் கிரவுன்’ 2024 ஜனவரியில் வந்தது. பிரான்சின் மோன்பெலியே கூடம் அதனை உருவாக்கியது. முதல் பாகத்தைப் போலவே பக்கவாட்டுத் தோற்றத்தில் ஓடித் தாவும் ஆட்டம் அது. மொழி பயிலும் நமக்கு அதில் ஒரு செய்தி உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பாரசீகத்தின் பெயரைத் தாங்கிய தொடரில், பாத்திரங்கள் பாரசீக மொழியிலேயே பேசக் கேட்கும் வசதி இப்போதுதான் சேர்க்கப்பட்டது. விமர்சகர்கள் ஆட்டத்தை மிகவும் பாராட்டினர். விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லை. அதே ஆண்டு முடிவதற்குள் அதனை உருவாக்கிய குழு கலைக்கப்பட்டு, உறுப்பினர்கள் வேறு பணிகளுக்கு அனுப்பப்பட்டனர்.