பிள்ளைகள் கையில் ப்ரீபெய்டு கார்டு: எவ்வளவு போடலாம்? பெற்றோர் எதைக் கவனிக்கணும்?

"அம்மா, இந்தக் கடைக்காரருக்கு ஒரு 80 ரூபாய் போட்டு விடுங்க." டியூஷன் முடிஞ்சு கடையில் நின்னுக்கிட்டு பையன் போன் பண்றான். நீங்களும் அனுப்பிடுறீங்க. மாசத்துல இப்படி எத்தனை முறை அனுப்புறோம், மொத்தம் எவ்வளவு ஆகுது? கேட்டால் பையனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

இதற்கு ஒரு வழியாகத்தான் பல பெற்றோர் இப்போது ப்ரீபெய்டு கார்டைப் பார்க்கிறார்கள்.

ப்ரீபெய்டு கார்டு என்றால் என்ன?

ப்ரீபெய்டு சிம் மாதிரிதான். முதலில் பணம் ஏற்ற வேண்டும். ஏற்றிய அளவுக்கு மட்டுமே செலவு செய்ய முடியும். கிரெடிட் கார்டு போல கடன் ஏறாது. டெபிட் கார்டு போல சேமிப்புக் கணக்கைத் தொடாது. கார்டு தொலைந்தாலும், அதில் இருக்கும் தொகைக்குத்தான் ஆபத்து.

ரிசர்வ் வங்கி விதி என்ன சொல்கிறது?

2021-ல் வெளியான ரிசர்வ் வங்கி விதிகளின்படி இரண்டு முக்கிய வகைகள் உள்ளன.

* குறைந்த விவரங்களுடன் வாங்கும் கார்டு: ஒரு நேரத்தில் அதிகபட்ச இருப்பு 10,000 ரூபாய். பொருள், சேவை வாங்க மட்டுமே பயன்படும். ஏடிஎம்மில் பணம் எடுக்க முடியாது.
* முழு கேஒய்சி முடித்த கார்டு: இருப்பு 2 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம்.

இந்த இருப்புக்கு வட்டி கிடையாது. அதனால் இது சேமிப்புக்கான இடம் அல்ல.

சேமிப்புக்கு என்ன வழி?

10 வயதுக்கு மேற்பட்ட சிறுவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கு தொடங்கி நடத்த வங்கிகள் அனுமதிக்கலாம் என 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. வரம்பு எவ்வளவு என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். ஆக, சேமிக்க வங்கிக் கணக்கு, செலவுக்கு கார்டு என்று பிரித்துக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டும் வேறு வேறு என்று புரியும்.

எப்படிப் பழக்குவது?

1. முதலில் வாரக் கணக்கு. 13 வயதுப் பிள்ளைக்கு ஒரு மாசம் என்பது ரொம்ப நீளம். வாரம் 300 ரூபாய் என ஆரம்பிச்சு, பழகிய பிறகு மாசம் 1,200 என மாற்றலாம்.

2. எது யார் செலவு என்று முன்பே பேசிடுங்க. பஸ், நோட்டுப் புத்தகம் நம் பொறுப்பு. ஸ்நாக்ஸ், மொபைல் கேம், நண்பன் பிறந்தநாள் பரிசு பிள்ளையின் பொறுப்பு என்பது போல.

3. ஞாயிற்றுக்கிழமை 10 நிமிஷம் சேர்ந்து உட்கார்ந்து செலவுப் பட்டியலைப் பாருங்க. "ஏன் இதை வாங்கினே?" என்று அதட்டினால், அடுத்த வாரம் பட்டியலையே காட்ட மாட்டான். "இதுல எது இல்லாமலும் சமாளிச்சிருக்கலாம்?" என்று கேளுங்க.

4. புதன்கிழமையே பணம் தீர்ந்துபோச்சா? மறுபடி ஏற்றாதீங்க. இதுதான் கஷ்டமான இடம். "பாவம், பிள்ளை கேட்குது" என்று நாம் 100 ரூபாய் போட்டுவிட்டால், தீர்ந்தாலும் அம்மா போடுவாங்க என்பதுதான் அவன் கத்துக்கிற பாடம். சாப்பாடு, பஸ் செலவை மட்டும் நீங்க பார்த்துக்குங்க.

கார்டு வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* கார்டு கட்டணம், ஆண்டுக் கட்டணம், பணம் ஏற்றக் கட்டணம் உண்டா? 300 ரூபாய் போடும் கார்டில் 20 ரூபாய் கட்டணமே பெரிய தொகை.
* பெற்றோர் செயலியில் இருந்தே கார்டை உடனே முடக்க முடியுமா?
* ஆன்லைன் செலவை மட்டும் தனியாக நிறுத்த முடியுமா? கேம்களில் பணம் கரையாமல் இருக்க இது முக்கியம்.
* ஓடிபி, பின் நம்பரை நெருங்கிய நண்பனிடம்கூட சொல்லக் கூடாது என்பதைக் கார்டு கொடுக்கும் அன்றே சொல்லிடுங்க.

தெரியாமல் பணம் போய்விட்டால் கார்டு நிறுவனத்திடம் உடனே புகார் செய்யுங்கள். சைபர் மோசடி என்றால் 1930-க்கு அழைக்கலாம்.

ஏமாந்துட்டேன் என்று பிள்ளை வந்து சொன்னால், அன்றைக்குத் திட்டாதீங்க. 13 வயதில் 300 ரூபாயில் நடக்கும் தவறு சின்னது. அதே தவறு 23 வயதில் முதல் சம்பளத்திலும் கிரெடிட் கார்டிலும் நடந்தால், அடைக்க வருஷக் கணக்காகும்.