விரலுக்குத் தெரியாத பொறி

பாலியஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து பீரோவின் கைப்பிடியைத் தொட்டதும் 'சுரீர்' என்கிறதே, அந்த நொடியில் உங்கள் உடம்பு ஏறக்குறைய 3,000 வோல்ட்டிலோ அதற்கு மேலோ இருந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் மின்சாரமே 230 வோல்ட்தான். பிறகு எப்படி உயிரோடு இருக்கிறோம்? உரசலில் உடம்பில் சேர்ந்த மின்னூட்டம் அவ்வளவு சொற்பம். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் தீர்ந்துபோகிறது.

நமக்குச் சொற்பம், கம்ப்யூட்டரின் சில்லுக்கு அப்படியில்லை. அதற்குள் இருக்கும் டிரான்சிஸ்டரின் காப்புப் படலம் சில நானோமீட்டர் கனம்தான். தலைமுடியில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. சில வகைச் சில்லுகளைத் துளைக்க 100 வோல்ட்டே போதும். ஆனால் 3,000 வோல்ட்டுக்குக் கீழே நம் விரலுக்குப் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. கொன்றவனுக்கே தெரியாத கொலை! இதில் மோசமானது அரைகுறைக் காயம். இன்று ஓடும், சில மாதம் கழித்துக் காரணமில்லாமல் நின்றுபோகும்.

அதற்காகக் கீபோர்டைத் தொடவே பயப்பட வேண்டாம். மூடிய கம்ப்யூட்டர் கேபினட்டின் இரும்பு உறை பொறியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். பென் டிரைவிலும் ஒரு காவல் உண்டு. அதன் வாய்க்குள் உற்றுப் பாருங்கள்: நான்கு உலோகப் பட்டைகளில் ஓரத்து இரண்டும் சற்று நீளம். வெளி உறையும் மின்சாரம் வரும் அந்த ஓரப் பட்டைகளும் முதலில் தொட்ட பிறகுதான் தகவல் பட்டைகள் தொடும்.

ஆபத்தெல்லாம் தூசி தட்டவோ ராம் மாற்றவோ கேபினட்டைத் திறக்கும்போதுதான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு கையைக் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். குழாயால் இணைத்த இரண்டு தொட்டிகளில் நீர்மட்டம் ஒன்றாவதுபோல உங்கள் மின்னழுத்தமும் கேபினட்டின் மின்னழுத்தமும் சமமாகிவிடும். சமமானால் பொறி பாயாது. ராமை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது. வேக்குவம் கிளீனரை உள்ளே விடாதீர்கள். அதன் பிளாஸ்டிக் மூக்கே ஒரு மின்னூட்ட இயந்திரம்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. வறண்ட காற்றில் கம்பளத்தின்மேல் நடந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரக்காற்றில் அதே நடை 1,500 வோல்ட்டோடு நின்றுவிடும். சென்னையின் புழுக்கத்தைத் திட்டுகிறோம், கம்ப்யூட்டருக்கு அது காவல். ஏசி ஓடும் அறையில் மட்டும் காவல் கொஞ்சம் தளரும்.

கேபினட்டைத் தொடும்போதெல்லாம் 'ஜிவ்' என்று விடாமல் உறுத்துகிறதா? அது உரசலால் வந்ததல்ல. உரசல் பொறி ஒரே குத்தோடு முடிந்துவிடும். இது மின்சாரம் கசிவது; பெரும்பாலும் உங்கள் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளையில் எர்த் இணைப்பே இல்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.