குரலும் கோடும்: ஒலியை உள்ளீடாகக் கொள்ளும் ஊடாட்ட வரைவுகளில் அசையும் மாத்திரையும்

முன்னுரை

மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் வடக்குக் கோபுரத்தை அடுத்து இசைத்தூண்கள் ஐந்து உள்ளன. ஒரே கல்லில் செதுக்கப்பட்ட அவற்றின் மெல்லிய தூண்களைத் தட்டினால் இசை எழும். அங்குத் தொடுகை உள்ளீடு, ஒலி விளைவு. இன்றைய கணினி வரைவுகளில் இது தலைகீழாகிறது: ஒலி உள்ளீடாகிறது, வடிவம் விளைவாகிறது. தமிழ்ப் பேச்சு இவ்வாறு உள்ளீடாகும்போது தமிழிலக்கணம் எவ்வாறு துணைநிற்கும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

வரைவு இயங்கும் முறை

கேசி ரியாஸ், பென் ஃபிரை ஆகிய இருவரும் 2001இல் தொடங்கிய ‘பிராசஸிங்’ மென்பொருளில் எழுதப்படும் சிறு நிரல் ‘ஸ்கெட்ச்’, அதாவது வரைவு எனப்படுகிறது. அதன் வழிவந்த ‘பி5.ஜேஎஸ்’, ஒலிவாங்கி பெறும் ஒலியின் வீச்சை 0 முதல் 1 வரையிலான எண்ணாகத் தரவல்லது. வீச்சு ஒரு வரம்பைக் கடந்தால் வட்டம் தோன்றுமாறும், வரம்பிற்குக் கீழிறங்கினால் அவ்வட்டம் முற்றுப்பெறுமாறும் நிரல் அமைப்பதே தொடக்கநிலைப் பயிற்சி.

வீச்சு மட்டும் போதுமா?

இவ்வரைவின் முன் ‘அகம்’ என்று சொன்னால், இடையிலுள்ள ககரம் நெகிழ்ந்தொலிப்பதால் ஒலி அறுபடாது; ஒரு வட்டமே தோன்றும். ‘அக்கம்’ என்றால் ககர ஒற்றில் வாய்வழி அடைபடுகிறது. அக்கண நேர அமைதியால் வட்டம் இரண்டாகிறது. யாப்பின்படி முன்னது நிரை என்னும் ஓரசை. பின்னது நேர்நேர் என்னும் ஈரசை. எனவே கருவி அசையை அறிந்துகொண்டதாகத் தோன்றும்.

‘அப்பன்’, ‘அண்ணன்’ என்னும் சொற்கள் இத்தோற்றத்தைக் கலைக்கின்றன. இரண்டும் நேர்நேர். ஆயினும் ‘அப்பன்’ இரு வட்டமாகவும் ‘அண்ணன்’ ஒரு வட்டமாகவும் அமையும். மெல்லெழுத்துகள் மூக்கின்வழி வரும் காற்றால் ஒலிப்பன எனத் தொல்காப்பியப் பிறப்பியல் வகுக்கிறது. வாய் அடைபட்டபோதும் ஒலி தொடர்வதற்கு அதுவே காரணம். இடையின ஒற்றுடைய ‘பல்லி’யும் அவ்வாறே தொடர்ந்தொலிக்கும். ஆகவே வீச்சுக்குப் புலனாவது அசை அன்று. வல்லினத்தின் அடைப்பு மட்டுமே.

தீர்வுக்கான நெறிகள்

முதலாவது, வீச்சுடன் அதிர்வெண் பகுப்பையும் கொள்ளுதல். மூக்கொலியின் ஆற்றல் தாழ் அதிர்வெண்களில் குவிகிறது; அகரத்தின் ஆற்றல் அதனினும் மேலே பரவுகிறது. இவ்விரு பகுதிகளையும் ஒப்பிட்டால் ‘அண்ணன்’ என்பதன் ஒற்றும் புலப்படும்.

இரண்டாவது, மென்மையாக்கலை அளவறிந்து கையாளுதல். வடிவம் நடுங்காதிருக்க முந்தைய வீச்சளவுகளுடன் கலந்து சராசரி காண்பது வழக்கம். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும்போது, வினாடியின் பத்திலொரு பங்கு நீளும் அடைப்பு ஆறு சட்டகங்களுக்குள் முடிந்துவிடும். மென்மையாக்கல் மிகுந்தால் ‘அக்கம்’ என்பதும் ஒரே வட்டமாகிவிடும்.

மூன்றாவது, மாத்திரையை ஒப்பீட்டளவாகக் கொள்ளுதல். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்னும் தொல்காப்பிய அளவைகள் விகிதங்கள். பேசுவோர்தம் குறிலை அலகாகக் கொண்டே அவர்தம் நெடிலை அளத்தல் வேண்டும். விரைந்து பேசுவோர்க்கும் நிதானமாகப் பேசுவோர்க்கும் ஒரே நேர வரம்பு பொருந்தாது.

நான்காவது, சூழலொலிக்கேற்ப வரம்பை அமைத்தல். அமைதியான அறையில் வகுத்த வரம்பு மாசி வீதிகளின் இரைச்சலில் எப்போதும் கடக்கப்பட்டே இருக்கும்.

முடிவுரை

மதுரையை அடுத்த கீழடியில் கிடைத்த பானையோடுகளில் ‘ஆதன்’ முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் உள்ளன. இத்தகைய பெயர்களைப் பார்வையாளர் வாசிக்க, அவர்தம் குரலே வடிவமாகும் காட்சிகளை அருங்காட்சியகங்களில் அமைக்க இயலும். அங்கு ஆதனின் நெடிலும் ஈற்று ஒற்றும் வடிவில் வேறுபட்டுத் தோன்றாவிடில், காண்போர் பெறுவது சத்தத்தின் அளவு மட்டுமே. தமிழின் ஒலியமைப்பு ஆகாது. அவ்வேறுபாட்டை நிரலாளர்க்கு வகுத்துரைக்கும் பொறுப்பு இலக்கண ஆய்வாளர்க்கு உரியது.