மூளையை மாத்தினா முதுமை போகுமா?

“மச்சி, போர்டு இருக்கட்டும். ப்ராஸஸரை மட்டும் அப்பப்போ மாத்திக்கலாம், கம்ப்யூட்டர் பழசாகவே ஆகாதுடா!” ஹாஸ்டலுக்கு ஒரு நிபுணர் இப்படிச் சொல்லித் திரிவார். கேட், சிமுலேஷன், ரெண்டரிங் என்று கம்ப்யூட்டரைப் பிழிந்தெடுக்கிற ஆளா நீங்க? அப்போ மாட்டியிருப்பது உங்க அப்பாவின் பணம். கொஞ்சம் கேளுங்க.

ஆசை ரொம்பப் பழசு. 1995-ல் இன்டெல் 83 மெகாஹெர்ட்ஸ் ‘பென்டியம் ஓவர்டிரைவ்’ சிப்பை விட்டது. பழைய 486 கம்ப்யூட்டரில் இதைச் செருகினால் பென்டியம் ஆகிவிடும் என்பது ஐடியா. ஆனா, அசல் பென்டியம் மெமரியோடு பேசுவது 64 பிட் பாதையில். 486 போர்டில் இருந்ததோ 32 பிட். நாலு வழிச் சாலைக்குச் செய்த வண்டியைச் சந்துக்குள் விட்ட கதைதான்! அதே வருஷம் 133 மெகாஹெர்ட்ஸ் அசல் பென்டியமும் வந்துடுச்சு. மூளை புதுசு, நரம்பு பழசு.

ஆக, ப்ராஸஸரைவிட அது உட்காரும் நாற்காலிதான் முக்கியம். அதுதான் சாக்கெட். நாற்காலி ஒண்ணா இருந்தாலும் நம்ப முடியாது. 2017 ஆரம்பத்தில் இன்டெல்லின் இஸட்270 போர்டு வாங்கினவங்களைப் பாருங்க. அதே வருஷக் கடைசியில் வந்த எட்டாம் தலைமுறை சிப்புக்கும் அதே 1151 கால்கள்தான். ஆனா அந்த போர்டில் வேலை செய்யாது, இஸட்370 வாங்குன்னுட்டாங்க. பாவம்!

ஏ.எம்.டி-யின் ஏ.எம்.4 சாக்கெட் கதை வேற. 2017-ல் ரைஸன் வந்தப்போ அதிகபட்சம் 8 கோர். 2020-ல் வந்த 5950எக்ஸ் சிப்பில் 16 கோர். பழைய போர்டுகளுக்குக் கிடையாதுன்னு முதலில் கைவிரித்த கம்பெனி, 2022-ல் இறங்கி வந்துச்சு. ரெண்டரிங் பண்றவங்களுக்கு இது லாட்டரி.

இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் போட்ட பட்டியலில் முதல் தலைமுறை ரைஸன் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சது. மெஷின் நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போதே ‘காலாவதி’ முத்திரை! அங்கே 5000 சீரீஸ் சிப்பை மாட்டினவங்க, போர்டை மாத்தாமலே பட்டியலுக்குள் வந்துட்டாங்க. ப்ராஸஸர் மாற்றம் உண்மையிலேயே ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்றியது என்றால், என் ஓட்டு இதுக்குத்தான்.

ஆனா அதுக்கும் எல்லை உண்டு. ஏ.எம்.4-ல் டி.டி.ஆர்.4 மெமரியைத் தாண்ட முடியாது. 2022-ல் வந்த ஏ.எம்.5-ல் டி.டி.ஆர்.5 மட்டும்தான். அங்கே தாவணும்னா போர்டு, ரேம், ப்ராஸஸர் மூணும் புதுசு.

காசைக் கொட்டுவதற்கு முன்னாடி டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. சிமுலேஷன் ஓடும்போது ரேம் நிரம்பி வழியுதா? அப்போ குற்றவாளி ப்ராஸஸர் இல்லை, ரேம் போடுங்க. ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே பூட் பண்றீங்களா? முதலில் எஸ்.எஸ்.டி. லேப்டாப் பார்ட்டிகளுக்கு ஸாரி... இப்போ வருகிறவற்றில் ப்ராஸஸரைப் பெரும்பாலும் போர்டோடு சால்டர் பண்ணிடறாங்க.

இவ்வளவுக்குப் பிறகும் ப்ராஸஸர்தான் என்றால், போர்டு தயாரித்த கம்பெனியின் வெப்சைட்டில் சப்போர்ட் லிஸ்ட் பாருங்க. மலிவு போர்டு 16 கோருக்கு மின்சாரம் கொடுக்கத் திணறலாம். முக்கியமா, பழைய சிப் மாட்டியிருக்கும்போதே பயாஸை அப்டேட் பண்ணிடுங்க. கழற்றின பிறகு ஞாபகம் வந்தா, புது சிப்பை அந்த போர்டுக்கு அடையாளமே தெரியாது!