புதின் மேஜையில் பழைய கம்ப்யூட்டர்! போட்டோவால் குட்டு உடைந்தது

ரஷ்ய அதிபர் புதின் மேஜை முன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் கம்ப்யூட்டர். கிரெம்ளின் மாளிகையே எடுத்து வெளியிட்ட போட்டோக்கள்தான். ஊரெல்லாம் அதிபர் முகத்தைப் பார்த்தது. 'ஓப்பன் மீடியா' என்ற ரஷ்யச் செய்தி நிறுவனமோ கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தது!

கிரெம்ளின் அலுவலகம், நோவோ ஒகார்யோவோ மாளிகை இரண்டிலும் ஓடுவது 'விண்டோஸ் எக்ஸ்பி' போலத் தெரிகிறது என்று 2019 டிசம்பரில் அது போட்டு உடைத்தது. 2001-ல் வந்த சரக்கு அது. அதன் ஓட்டைகளை அடைப்பதை மைக்ரோசாப்ட் கம்பெனி 2014 ஏப்ரல் 8-ந் தேதியோடு நிறுத்திவிட்டது.

பழசாக இருந்தால் என்ன என்கிறீர்களா? 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற வைரஸ் அடைக்காத ஓட்டை வழியாகப் புகுந்து, பைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. சுமார் 150 நாடுகளில் கைவரிசை. ரஷ்ய உள்துறை அமைச்சகத்திலேயே சுமார் 1,000 கம்ப்யூட்டர்கள் மாட்டின. எந்த வீட்டில் எந்தப் பூட்டு என்று திருடனுக்கு ஒரு போட்டோவே சொல்லிவிடும்.

பச்சைப் பட்டன்

எக்ஸ்பியைப் பிடிப்பது சுலபம். கீழே நீலப் பட்டை, இடது மூலையில் பச்சை ஸ்டார்ட் பட்டன். 95-ம் 98-ம்தான் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே சாம்பல் நிறம். 95-ல் தலைப்புப் பட்டை ஒரே கருநீலம். 98-ல் வலப்பக்கம் போகப்போக வெளிறும். விஸ்டாவும் 7-ம் கண்ணாடி மினுமினுப்பு, உருண்டைப் பட்டன். பட்டையின் வலக் கோடியில் ஒல்லியாக ஒரு துண்டு தெரிந்தால் 7. 2012-ல் வந்த 8-ல் ஸ்டார்ட் பட்டனையே காணோம்! ஜனங்கள் போட்ட கூச்சலில் அடுத்த வருஷமே திரும்பி வந்தது.

இப்போது கவனிக்க வேண்டியது 10-ஐயும் 11-ஐயும். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு 10-க்கும் ஆதரவு முடிந்தது. தனியாகப் பதிந்து கொண்டவர்களுக்கு மட்டும் கொஞ்ச காலச் சலுகை. 11-ல் படங்கள் பட்டையின் நடுவில் நிற்கும். அவற்றை இடப்பக்கம் தள்ளிவிட்டாலும் ஏமாற வேண்டாம். 10-ன் சின்னம் சாய்ந்த ஜன்னல். 11-ல் நேரான நாலு சதுரம், திறக்கும் கட்டங்களின் மூலையும் மழுங்கியிருக்கும்.

வேஷம் போடும் ஆசாமிகளும் உண்டு. எக்ஸ்பியிலேயே பழைய சாம்பல் கோலத்தைப் போட்டுவிட்டால் விண்டோஸ் 2000 மாதிரியே இருக்கும். அப்போது படத்தை மட்டும் நம்ப முடியாது. கம்ப்யூட்டர் கையில் இருந்தால் விண்டோஸ் பட்டனோடு 'ஆர்' பட்டனை அழுத்தி, 'வின்வெர்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். பெயரும் நம்பரும் வந்து நிற்கும்.