கோளக விண்மீன் கொத்துகளில் இரட்டை விண்மீன்கள்: இரு தலைமுறைகளின் பிறப்புச் சூழல்

முன்னுரை

கோளக விண்மீன் கொத்தின் உறுப்புகள் யாவும் ஒரே காலத்தில், ஒரே வாயு முகிலிலிருந்து தோன்றியவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால், பெரும்பாலான கொத்துகளில் குறைந்தது இருவகை விண்மீன்கள் உள்ளன. முதல் தலைமுறையோடு ஒப்பிடுகையில், இரண்டாம் தலைமுறை எனப்படுவனவற்றில் சோடியமும் நைட்ரஜனும் மிகுந்தும் ஆக்சிஜனும் கார்பனும் குறைந்தும் காணப்படுகின்றன. இவ்விரண்டும் ஒத்த சூழலில் பிறந்தனவா என்னும் வினாவை ஆராய இரட்டை விண்மீன்கள் துணைபுரிகின்றன.

இரட்டைகள் தரும் சான்று

இணையொன்றைச் சுற்றிவரும் விண்மீனின் ஆரத்திசைவேகம் காலந்தோறும் மாறும். இம்மாற்றத்தைக் கொண்டு லுக்காடெல்லோ குழுவினர் 10 கொத்துகளைச் சேர்ந்த 968 செம்பெரு விண்மீன்களை ஆராய்ந்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டனர். கண்டறியப்பட்ட இரட்டைகளின் பங்கு முதல் தலைமுறையில் 4.9 விழுக்காடு, இரண்டாம் தலைமுறையில் 1.2 விழுக்காடு மட்டுமே.

காரணம்

விண்மீன்கள் செறிந்த இடத்தில் ஓர் இணையின் அருகே பிற விண்மீன்கள் அடிக்கடி கடந்து செல்லும். அப்போது தளர்வாகப் பிணைந்த இணைகள் ஆற்றல் பெற்றுப் பிரியும். இறுகப் பிணைந்தவை நிலைக்கும். எனவே, இரண்டாம் தலைமுறை அடர்ந்த உட்பகுதியில் பிறந்து, பின்னரே வெளியே பரவியது என்னும் விளக்கம் வலுப்பெறுகின்றது.

முடிவுரை

எனினும், ஹப்பிள் தொலைநோக்கிப் பதிவுகளைக் கொண்டு ஐந்து கொத்துகளில் மிலோன் குழுவினர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, மையப்பகுதிகளில் இரு தலைமுறைகளின் இரட்டைப் பங்கு பெரும்பாலும் ஒத்திருப்பதைக் காட்டியது. அங்கு இரு தலைமுறைகளும் ஒரே நெருக்கத்திற்கு உட்படுவதால் வேறுபாடு மங்கக்கூடும். ஆகவே, மையத்திலிருந்து எத்தொலைவில் அளக்கப்பட்டது என்பதைக் குறிக்காத விழுக்காட்டைக் கொண்டு பிறப்புச் சூழலை முடிவுசெய்தல் பொருந்தாது.